நான் மொழிபெயர்த்த சுவர்

எங்கள் காலனியில் ஆங்கிலம் படித்த முதல் ஆள் நான். பி.ஏ. ஆங்கில இலக்கியம், இரண்டாம் வகுப்பு. அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சம் ஜாஸ்தியாகவே இருந்தது. அதனால் கெட்டது நானல்ல, என் அக்கா.

தொண்ணூறுகளின் கடைசி அது. அடி அண்ணாமலைக்கு அப்பால், கிரிவலப் பாதையை விட்டு விலகி உள்ளே இருந்தது எங்கள் ஊர். எங்கள் ஊர் என்று சொல்வதே தவறு. ஊர் அவர்களுடையது, காலனிதான் எங்களுடையது. நடுவில் ஒரு சந்து. அதில் நடந்தால் ஐந்து நிமிடத்தில் தார் ரோடு, பஸ் ஸ்டாப். ஒரு கிரிக்கெட் ஆட்டத்தில் ரன் அவுட்டா இல்லையா என்று ஆரம்பித்த சண்டையில் இரண்டு பக்கமும் மண்டை உடைந்தது. அடுத்த வாரமே ஊர்க்காரர்கள் சந்தின் குறுக்கே ஆள் உயரத்துக்கு மேல் சுவர் எழுப்பிவிட்டார்கள். முன்னால் நின்று கட்டியவர் ரைஸ் மில்காரர். நாங்கள் ஏரிக்கரையைச் சுற்றி ரோட்டுக்குப் போக ஆரம்பித்தோம்.

சுற்றிப் போக முடியாதவள் என் அக்கா ஒருத்திதான். சின்ன வயதில் போலியோ வந்து இரண்டு காலும் சூம்பிப் போனவள். கையால் சுற்றி ஓட்டுகிற மூன்று சக்கர வண்டியில்தான் போவாள், வருவாள். ஊனமுற்றோர் ஒதுக்கீட்டில் அவளுக்கு பஸ் ஸ்டாப் பக்கத்தில் ஓர் எஸ்.டி.டி. டெலிபோன் பூத் கிடைத்திருந்தது. அதில் உட்கார்ந்து அவள் "லைன் பிஸிங்க, செத்த இருங்க" என்று சொல்கிற தோரணையைப் பார்க்கவே எங்கள் ஆட்கள் போவார்கள். ஏரிக்கரை மேட்டில் அந்த வண்டி ஏறாது. அப்பா சில நாள் முதுகில் தூக்கிக்கொண்டு போனார். பிறகு அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. டிகிரி படித்தவன் அக்காவை உப்புமூட்டை தூக்கிக்கொண்டு ஊர் பார்க்கப் போவதா என்று எனக்குக் கூச்சம். ஒரு நாள்கூட நான் தூக்கவில்லை. பூத் பூட்டிக் கிடந்தது. மாதக் கடைசிக்குள் திறக்காவிட்டால் ஒதுக்கீடு ரத்து என்று கடிதம் வந்தது. சுவரை எடுத்துவிடச் சொல்லி அப்பா தாலுகா ஆபீஸில் மனு கொடுத்தார்.

அந்த நேரத்தில்தான் ஒரு வெள்ளைக்காரம்மா வந்தார். இஸ்ரேல்காரர், ஐம்பது வயதிருக்கும். மலையைச் சுற்ற வந்தவர். அவர் நாட்டில் யூத இளைஞர்களையும் அரபு இளைஞர்களையும் ஒன்றாக நிறுத்தித் தெருச் சுவர்களில் படம் வரைய வைப்பதுதான் அவருடைய வேலை. கையில் ஓர் ஆல்பம் வைத்திருந்தார். யூதப் பையன் ஒருவன் ஏணியைப் பிடித்துக்கொண்டிருக்க, அரபுப் பெண் மேலே நின்று மாதுளம்பழத்துக்குச் சிவப்பு அடிக்கிறாள். எங்கள் கிரிக்கெட் சண்டையை ஓர் ஆட்டோக்காரர் சொல்லக் கேட்டு, இங்கேயும் அப்படி ஒன்று செய்யலாம் என்று கிளம்பிவிட்டார். நல்ல மனுஷி. அதை இப்போதும் சொல்வேன். அவருக்கு மொழிபெயர்க்க ஆள் தேவைப்பட்டது. ஆட்டோக்காரர் என்னைக் காட்டினார்.

படம் வரையப் பெரிய சுவர் வேண்டும் என்றார். புதிதாகப் பூசிய பெரிய சுவர் ஊரில் ஒன்றுதான் இருந்தது.

மில்காரர் வாசலில் எங்களுக்கு நாற்காலி போட்டார்கள். அதுவரை என்னை "டேய்" என்பதைத் தவிர வேறு எப்படியும் கூப்பிட்டிராத மனிதர், "வாங்க தம்பி, உக்காருங்க" என்றார். அந்த 'ங்க'வில் நான் உருகிப் போனேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை. இந்தச் சுவரை எதற்காகக் கட்டினார்கள் என்று அந்தம்மா கேட்டார். கேட்கவேண்டிய கேள்விதான். நான் தமிழில் கேட்டேன். மில்காரர் கண்ணைக்கூடச் சிமிட்டாமல், "மழை பேஞ்சா ஏரித் தண்ணி உள்ள வந்துடுது தம்பி. அதுக்குத்தான் கட்டினோம்னு சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். ஒரு சொல் பிசகாமல் சொன்னேன். அந்தம்மா நோட்டில் எழுதிக்கொண்டார்.

பத்து நாள் வேலை நடந்தது. ஊர்ப்பக்கத்துச் சுவரில்தான் படம். எங்கள் பையன்கள் ஏரியைச் சுற்றி வந்து வரைந்துவிட்டுப் போனார்கள். மண்டையை உடைத்துக்கொண்டவர்கள் ஒரே வாளியில் பிரஷ்ஷை முக்கினார்கள். குடிதண்ணீர்க் குடம் மட்டும் இரண்டு இருந்தது. ஏன் இரண்டு என்று அந்தம்மா கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அக்காவும் வரைய வேண்டும் என்று அந்தம்மா ஆசைப்பட்டார். அன்றைக்கு அவளை நான் முதுகில் தூக்கிக்கொண்டு போனேன். வெள்ளைக்காரம்மா பார்க்கிறாரே! அக்கா தரையில் உட்கார்ந்து, கை எட்டுகிற உயரத்தில் ஒரு கதவு வரைந்தாள். தாழ்ப்பாள், கீல் எல்லாம் வைத்த கதவு. ஏன் கதவு என்று அந்தம்மா கேட்டார்.

அக்கா என்னைப் பார்த்து, "இங்க வழி இருந்துச்சு, அத அடச்சுட்டாங்கனு சொல்லுடா" என்றாள்.

மில்காரர் நான்கடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். வழி என்பது எப்போதும் உண்டு என்று என் அக்கா சொல்வதாக ஆங்கிலத்தில் சொன்னேன். அந்தம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. குனிந்து அக்காவின் நெற்றியில் முத்தம் கொடுத்தார்.

"சொல்லிட்டியா?" என்றாள் அக்கா.

"சொல்லிட்டேன்க்கா."

அந்த அழுகை தனக்கு நடந்த அநியாயத்துக்காக என்று அக்கா நம்பினாள். பல வாரத்துக்குப் பிறகு அவள் முகத்தில் நிம்மதியைப் பார்த்தேன். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம்.

கடைசி நாள் எல்லோரும் ஓர் உறுதிமொழியில் கையெழுத்துப் போட வேண்டும் என்றார் அந்தம்மா. அவர் நாட்டில் அப்படித்தான் செய்வார்களாம். அவர் சொன்னதை நல்ல தமிழில் எழுதினேன். "ஏரி வெள்ளத்தைத் தடுக்க எழுப்பப்பட்ட இச்சுவர் நம் அனைவருக்கும் பொது. இதற்கு எவ்விதச் சேதமும் நேராமல் இரு தரப்பாரும் காப்போம்." 'இச்சுவர்' என்று எழுதியதில் எனக்கு ஒரு பெருமை வேறு. அக்காவிடம் காகிதத்தை வீட்டுக்கே கொண்டுபோனேன். அவள் படித்துப் பார்க்கவில்லை. "நீ எழுதினதுதான?" என்று சொல்லிக் கையெழுத்தைப் போட்டாள். அந்தம்மா மூலப் பிரதியை மில்காரரிடம் கொடுத்துவிட்டு விமானம் ஏறினார்.

இரண்டு வாரம் கழித்து அப்பாவின் மனுவை விசாரிக்க ஓர் அதிகாரி வந்தார். முடிவை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். சுவரை இடிக்கவில்லை. மாதக் கடைசியில் பூத் வேறொருவர் பெயருக்கு மாறியது. இதெல்லாம் கிராமத்தில் நடக்கிறதுதான். என்னைத் தூங்கவிடாதது வேறு.

அப்பா இடுப்பு வலியோடு அக்காவைச் சுமந்துகொண்டு வந்திருந்தார். அதிகாரி படத்தையெல்லாம் பார்த்து, "அட, கதவுகூட போட்டிருக்கீங்களே, அப்புறம் இன்னா?" என்று சிரித்தார். கூட்டமும் சிரித்தது. மில்காரர் கும்பிட்டுக்கொண்டே காகிதத்தை நீட்டினார்.

"இடிக்கறதுல எங்களுக்கு ஆட்சேபணை இல்லீங்க அய்யா. ஆனா பசங்க ஆசையா கையெழுத்து போட்டிருக்காங்க. அவங்க பசங்களும்தான்."

அதிகாரி ஒருமுறை பார்த்துவிட்டு, "யாருப்பா எழுதினது? நல்லா இருக்கே" என்றார்.

"நான்தான் சார்."

"நீயே படி. எல்லாரும் கேக்கட்டும்."

படித்தேன். ஏரி வெள்ளம் என்று வந்ததுமே அக்கா தலையை நிமிர்த்தினாள். காலனியில் ஒரு மழைக்கும் வெள்ளம் வந்ததில்லை. நான் நிமிரவில்லை. உறுதிமொழி முடிந்து கையெழுத்துப் போட்டவர்களின் பெயர்களை வரிசையாகப் படித்துக்கொண்டே வந்தேன். என் பெயரையும் படித்தேன். அடுத்தது அவள் பெயர். அங்கே நாக்கு நின்றுவிட்டது.

அப்பாவின் முதுகிலிருந்து அக்கா கேட்டாள்.

"இன்னாடா நிறுத்திட்ட? என் பேரையும் படி."

படித்தேன்.