ஆறுதல் பரிசு பிடிக்காத டீச்சர்

போன வியாழக்கிழமை மைதானத்தில் ஓட்டப்பந்தயத்துக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. ரஹ்மத் டீச்சரின் மகன். "அம்மா மௌத் ஆயிட்டாங்க சார். தூக்கத்துலயே போயிட்டாங்க" என்றார். சுண்ணாம்புப் பொடியைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் நின்றேன். பூதலூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் பள்ளியில் அவர் பாட்டு டீச்சர். நான் விளையாட்டு ஆசிரியர். சேர்ந்து வேலை பார்த்த காலம் முழுக்கச் சண்டை போட்டோம். இனிச் சண்டைக்கு ஆளில்லையே என்பதுதான் எனக்கு முதலில் வலித்தது.

சண்டை எதைப் பற்றி என்று எங்களோடு பணிபுரிந்த உங்களுக்குத் தெரியும். போட்டிதான். ஜெயிக்கிற வெறி இல்லாத பிள்ளை உருப்படாது என்பது என் கட்சி. டீச்சரும் பிள்ளைகளை எல்லாப் போட்டிக்கும் கூட்டிப்போவார், ஆனால் கோப்பையைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். "உங்க ஓட்டத்துக்குக் கடிகாரம் இருக்கு சார். பாட்டுக்கு என்ன இருக்கு? பசியோட உக்காந்திருக்கிற நடுவருங்கதானே?" என்பார். விசிலை ஊதிக்கொண்டு நகர்ந்துவிடுவேன்.

அவருக்கு ஆகவே ஆகாத சொல் ஒன்று உண்டு: ஆறுதல் பரிசு. "ஆறுதல் சொல்றதுக்கு அந்தப் புள்ள வீட்ல என்ன எழவா விழுந்துச்சு?" என்று மேடைக்குக் கீழே நின்று உரக்கவே கேட்பார். தஞ்சாவூரில் ஒருமுறை அது மைக்கிலும் ஏறிவிட்டது.

அந்தப் போட்டியில்தான் எங்கள் ஒன்பதாம் வகுப்புக் கண்மணிக்கு அந்தப் பரிசு கிடைத்தது, ஒரு சோப்பு டப்பா. வாய்க்கால் கரையில் அவள் நடந்து வரும்போதே அவள் பாட்டு பள்ளிக்கு வந்துவிடும். அப்படிப்பட்டவள் திரும்பி வரும் பஸ்ஸிலேயே, "இனிமே பாட மாட்டேன் டீச்சர். எனக்கு வராது" என்றாள். சொன்னபடியே காலை வழிபாட்டில் உதட்டைக்கூட அசைக்கவில்லை. நன்றாகப் பயிற்சி எடு, அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று தட்டிக்கொடுத்தேன். அழுதுவிட்டாள். இந்தப் பெண் நிஜமாகவே பாட்டை விட்டுவிடுவாளோ என்று எனக்கே பயம் வந்தது.

டீச்சர் சமாதானமே சொல்லவில்லை. ஆறாம் வகுப்புக்கு ஒரு பாட்டுப் போட்டி வைத்து, கண்மணியை நடுவர் நாற்காலியில் உட்காரவைத்தார். கையில் பேனா, முகத்தில் கலெக்டர் களை. குட்டிகள் பாடி முடித்ததும் ஒரு பெயரை அறிவித்தாள். பிறகு எங்களிடம் வந்து முணுமுணுத்தாள்: "டீச்சர், மூணு பேர் ஒரே மாதிரி நல்லாப் பாடினாங்க. யாருக்குக் குடுக்கறதுன்னே தெரியல. ஏதோ ஒண்ணைப் போட்டுட்டேன்."

"தஞ்சாவூர்ல உனக்கும் ஏதோ ஒண்ணைத்தான் போட்டிருப்பாங்க" என்றார் டீச்சர்.

கண்மணி சிரிக்க ஆரம்பித்தாள், அடக்க முடியாத சிரிப்பு. பரிசு கிடைக்காத இருவரையும் தேடிப்போய், "நீங்களும் நல்லாத்தான் பாடினீங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள். மறுநாள் வழிபாட்டில் அவள் குரல்தான் முதலில் கேட்டது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, ஆனால் டீச்சரிடம் காட்டிக்கொள்ளவில்லை.

அவர் ஓய்வுபெற்ற அன்று வேண்டுமென்றே வம்புக்கு இழுத்தேன். "இத்தனை வருசத்துல ஒரு பெரிய ஷீல்டாவது உண்டா டீச்சர்?"

"தோத்த புள்ளைங்க எல்லாம் இன்னும் பாடிக்கிட்டுத்தானே சார் இருக்கு? ஷீல்டு பாடுமா?"

நான் இன்றும் போட்டியின் கட்சிதான். இதைப் படித்தால் டீச்சர் சண்டைக்கு வருவார்; வரமாட்டாரா என்றுதான் எழுதுகிறேன். அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது ஒன்றுதான். என் குரலின் லட்சணம் உங்களுக்குத் தெரியும். வழிபாட்டில் இத்தனை வருடமும் வாயை மூடிக்கொண்டு நின்றவன் நான். அவரை அடக்கம் செய்த மறுநாள் காலை முழுப் பாட்டையும் உரக்கப் பாடினேன். முன்வரிசைப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். நான் நிறுத்தவில்லை.