கழலாத கூம்பு

ராக்கெட் கிளப்பில் அவருக்கு வைத்திருந்த பெயர் மில்லிமீட்டர் அக்கா. முகத்துக்கு நேராக யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. பகலில் மரச்சாமான் பட்டறையில் நாற்காலிக் கால் கடைகிற வேலை. மாலையில் வீட்டுப் பின்னறையில் சின்ன லேத்தை ஓடவிட்டு, பொழுதுபோக்காக ராக்கெட் விடுகிறவர்களுக்கு மரத்தில் மூக்குக் கூம்பும் ஒட்டுப்பலகையில் வால் இறக்கையும் செய்து கொடுத்தார். கேட்டதை அப்படியே செய்து நீட்டுகிற ஆள் இல்லை. ராக்கெட் எத்தனை கிராம், எந்த மோட்டார், பாராசூட் எவ்வளவு அகலம் என்று குடைந்து குடைந்து கேட்பார். முழித்தால், தெரிந்துகொண்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிடுவார். திட்டு வாங்கிக்கொண்டாவது அவரிடம்தான் வந்தார்கள்.

கூம்பின் அடிப்பகுதி ராக்கெட்டின் அட்டைக் குழாய்க்குள் செருகி இருக்கும். உச்சிக்குப் போனதும் மோட்டாரின் மேல்நுனியில் இருக்கும் கொஞ்சம் வெடிமருந்து வெடித்துக் கூம்பை வெளியே தள்ளும். பின்னாலேயே பாராசூட் வந்து விரியும். கூம்பு இறுகிப்போனால் எதுவும் வராது. அதனால் அந்த அடிப்பகுதியைக் கடையும்போது மட்டும் அவர் யாரோடும் பேசமாட்டார்.

கிளப் பொதுமக்களுக்கு ராக்கெட் விட்டுக் காட்டிய நாளில் அவருக்குப் பட்டறையில் வேலை இருந்தது, போகவில்லை. அவர் கடைந்த கூம்பைச் செருகியிருந்த, கிளப் தலைவருடைய பெரிய ராக்கெட் நன்றாகத்தான் ஏறியது. தலைவர் ஓய்வுபெற்ற காப்பீட்டு அதிகாரி, மைக்கைப் பிடித்தால் விடமாட்டார். உச்சியில் மருந்து வெடித்த சத்தம் கேட்டது, கூம்பு கழலவில்லை. ராக்கெட் தலைகீழாகத் திரும்பி ஈட்டிபோல் இறங்கியது. வேடிக்கை பார்க்க வந்திருந்த ஓவிய டீச்சர் ஒருவரின் வலது தோளில் விழுந்தது.

மறுநாள் மதியம் சாப்பாட்டு நேரத்தில் கிளப்பின் வாட்ஸப் குழுவில் தலைவர் எழுதியதை மில்லிமீட்டர் அக்கா படித்தார். வீட்டில் கடைந்த கூம்பு இறுகிவிட்டதால் விபத்து, இனிமேல் கம்பெனிப் பொருள் மட்டுமே. கீழே பதினேழு பேர் கட்டைவிரலைத் தூக்கியிருந்தார்கள். அதில் பாதிப் பேரின் ராக்கெட்டில் அவர் கடைந்த கூம்புதான் இருந்தது.

உடனே தலைவருக்கு ஃபோன் போட்டு ராக்கெட்டைக் கேட்டார். உடைந்த சாமானை மைதானத்துக் குப்பைத் தொட்டியிலேயே போட்டாயிற்று என்றார் தலைவர்.

"என்ன ஆச்சுன்னு பாக்காமலா போட்டீங்க?"

தலைவர் ஃபோனை வைத்துவிட்டார். வீட்டில் கணவர், பேருந்து ஓட்டுநர், நிதானமான மனிதர், ஊர் வாயை மூட முடியாது, விட்டுத்தள்ளு என்றார். அந்த நிதானமும் அன்று அவருக்கு எரிச்சலைத்தான் கூட்டியது.

"நான் செஞ்ச தப்புன்னா சுமக்கறேன். செய்யாததை ஏன் சுமக்கணும்?"

அடுத்த நாள், ராக்கெட் எப்படி விழுந்தது என்று கேட்க டீச்சர் இருந்த மருத்துவமனைக்குப் போனார். டீச்சருடைய கட்டிலுக்கு அடியில் ஒரு துணிப்பையில் ராக்கெட் இருந்தது. தன் மேல் விழுந்தது என்னவென்று பார்க்க வேண்டும் என்று டீச்சர் கேட்டதால், அவர் தங்கை தொட்டியிலிருந்து எடுத்து வந்திருந்தாள். நசுங்கிய முனைக்குக் கீழே பெயின்ட் மேல் இடுக்கியின் பல் பதிந்த தடம் புதிதாக இருந்தது. அவர் குழாயை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கி, கூம்பைத் திருகித் திருகி இழுத்தார். கிறீச்சென்று வெளியே வந்தது. அடிப்பகுதி முழுக்கப் பழுப்பு நிறப் பார்சல் டேப். நகத்தால் உரித்தார்.

"அஞ்சு சுத்து. அஞ்சு சுத்து சுத்தியிருக்கான் மனுஷன்."

வெற்றியோடு நிமிர்ந்தார். டீச்சர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் தோள் எப்படி இருக்குன்னு நீங்க இன்னும் கேக்கல."

 அப்போதுதான் கேட்டார். இரண்டு இடத்தில் முறிவு, உள்ளே தகடு வைத்திருந்தார்கள். கை இனி முழுதாக மேலே எழும்புமா என்று டாக்டர் உறுதி சொல்லவில்லை. வீடு திரும்பும் வழியெல்லாம் தலைவர் மேல் இருந்த கோபத்தோடு தன் மேலும் கோபம் சேர்ந்துகொண்டது.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் கூம்பையும் டேப்பையும் மேசை மேல் வைத்தார். தலைவர் அசரவில்லை.

"கொஞ்சம் ஆடுச்சு, டேப் சுத்தினேன். எல்லாரும் செய்யறதுதானே?"

"சுத்தினது தப்புன்னு நான் சொல்லல. சுத்திட்டு ஒரு தடவை இழுத்துப் பாத்தீங்களா?"

தலைவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

"விழுந்த பிறகு இழுத்துப் பாத்திருக்கீங்க. இடுக்கித் தடம் இருக்கு. வரலைன்னதும் குப்பையில போட்டீங்க. அப்புறம் உக்காந்து என் மேல பழியைப் போட்டு எழுதினீங்க."

 தலைவர் வயதான மனிதர், இத்தோடு விடலாமே என்று பின்வரிசையில் ஒருவர் இழுத்தார்.

"டீச்சருக்கும் வயசாகும். அந்தத் தோளோடதான் ஆகும்."

 அடுத்த வாரம் தலைவர் உடல்நிலையைக் காரணம் காட்டிப் பொறுப்பிலிருந்து விலகினார். பழைய பதிவைச் சத்தமில்லாமல் அழித்தார்கள். அழித்தால் போதாது, எழுதிய இடத்திலேயே திருத்தமும் எழுத வேண்டும் என்று மில்லிமீட்டர் அக்கா ஒற்றைக்காலில் நின்றார். மூன்று வாரம் கழித்துச் செயலாளர் இரண்டு வரி போட்டார். இப்போது எந்த ராக்கெட்டாக இருந்தாலும், அக்கா தன் கையால் கூம்பை இழுத்துப் பார்த்த பிறகே ஏவுமேடையில் ஏறுகிறது. முணுமுணுக்கிறவர்களை அவர் காதில் போட்டுக்கொள்வதில்லை.

டீச்சருடைய கை காது வரை எழும்புகிறது, அதற்கு மேல் இல்லை. கரும்பலகையின் கீழ்ப்பாதியில்தான் வரைகிறார்.

ஒரு வருடம் போனது. பழைய தலைவர் புது ராக்கெட் குழாயைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மில்லிமீட்டர் அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றார். நடந்தது நடந்துவிட்டது, உங்களைப் போல் யாரும் கடைவதில்லை என்று சிரித்தார்.

"டீச்சரைப் போய்ப் பாத்தீங்களா?"

"இப்ப போய் என்னம்மா ஆகப்போகுது?"

"போய்ட்டு வாங்க. அப்புறம் பேசலாம்."

அவர் குழாயோடு தெருமுனை திரும்பும்வரை இவர் வாசலிலேயே நின்றார். உள்ளே வந்து லேத்தின் முன்னால் உட்கார்ந்தார்.  அன்றைக்கு எதையும் கடையவில்லை.