வேரை வெட்டியவர் பேச்சிமுத்து அல்ல

பேச்சிமுத்து அண்ணாச்சி இறந்த செய்தி கைப்பேசியில் வந்தது. எங்கள் கல்லூரித் தாவரவியல் துறையின் பழைய மாணவர் குழுவில் யாரோ போட்டிருந்தார்கள்: 'துறையின் முன்னாள் ஆய்வக உதவியாளர் காலமானார், ஆழ்ந்த இரங்கல்.' கூடவே ஒரு படம். பழைய குழுப்படத்திலிருந்து அவரை மட்டும் வெட்டி எடுத்திருக்கிறார்கள். சரியாக வெட்டக்கூட யாருக்கும் பொறுமையில்லை. அவர் தோளில் யாருடையதோ கை ஒன்று, கடிகாரத்தோடு, மணிக்கட்டு வரைக்கும் மட்டும் மிச்சமிருந்தது. அதற்குக் கீழே வரிசையாகக் கூப்பிய கைகள். ஆழ்வார்குறிச்சியில் அன்று மாலை அவரைத் தூக்கிக்கொண்டு போனபோது துறையிலிருந்து வந்து நின்றது நானும், ஓய்வுபெற்ற காவலாளி ஒருவரும்தான். கைப்பேசியில் கூப்பிய கைகளில் ஒன்றுகூட பஸ் ஏறி வரவில்லை.

துறை வெளியிடும் இந்த மலருக்கு அவரைப் பற்றி என்னிடம் ஒரு பக்கம் கேட்டார்கள். "நல்லதா நாலு வரி எழுதுங்க சார், சண்டை வேண்டாம்" என்றும் சொல்லியிருந்தார்கள். என்னைப் பற்றித் தெரிந்தவர்கள்தான். நாலு வரியில் அடங்காது. சண்டை இல்லாமலும் முடியாது.

பாளையங்கோட்டையில் துறைக் கூடத்தில் நடந்த இரங்கல் கூட்டத்துக்கு உங்களில் பலர் வந்திருந்தீர்கள். முன்னாள் துறைத்தலைவர் பேசினார். அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. இதே மலரில் அவர் படத்தோடு முழுப் பக்கம் வரப்போகிறது, அது போதும். அவர் சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். "நம்ம பேச்சிமுத்து இருந்தாரே, தங்கமான மனுஷன். ஆனா ஒரு தடவை மலையில இருந்து அபூர்வமான பூ ஒண்ணு கொண்டுவந்தோம். இவரு கத்தரிக்காய்க் காம்பை நறுக்குற மாதிரி வேரை நறுக்கி எறிஞ்சுட்டாரு! அதோட அந்த ஆராய்ச்சி போச்சு. என்ன செய்ய, மனசு வெள்ளை." கூடம் சிரித்தது. இறந்தவரைப் பற்றிச் சொல்லிச் சிரிக்க ஒரு கதை கிடைத்ததில் எல்லோருக்கும் ஒரு நிம்மதி. மூன்றாவது வரிசையில் அவருடைய மகள் இசக்கியம்மாள் உட்கார்ந்திருந்தாள். கங்கைகொண்டானில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவள், அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு வந்திருந்தாள். அவள் சிரிக்கவில்லை.

கூட்டம் முடிந்து வராந்தாவில் என்னிடம் வந்தாள். "சார், எங்கப்பாவா வெட்டுனாவ? வீட்ல முருங்கைக்கீரை ஆயுததுக்கே அம்மைய ஏசுவாவ, காம்பை இழுக்காத, பைய எடுன்னு. அவியளா வேரை வெட்டுனாவ?"

அவள் கேட்டது, இருபது ஆண்டுகளுக்கு மேலாக நான் சொல்லாமல் வைத்திருந்த பதிலை.

அண்ணாச்சியை உங்களில் இளையவர்களுக்குத் தெரியாது. மலை மேல் தேயிலை எஸ்டேட்டில் வேலை செய்த குடும்பத்தில் பிறந்தவர். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டுக் கீழே இறங்கி, எங்கள் துறையில் உலர்செடிகளைப் பாதுகாக்கும் அறைக்கு உதவியாளராக வந்தவர். செடிகளை அழுத்தி உலர்த்துவது, ஈரம் இழுத்த செய்தித்தாளைத் தினமும் மாற்றுவது, காய்ந்ததை அட்டையில் ஒட்டுவது அவர் வேலை. தாளை மாற்றும்போது பழைய செய்திகளை உரக்கப் படிப்பார். "சார்வாள், இந்தச் செடி காயுததுக்குள்ள மந்திரி மாறிட்டாரு பாத்தியளா" என்பார். நான் அப்போது புதிதாகச் சேர்ந்த விரிவுரையாளன். வேலை இன்னும் உறுதியாகவில்லை. துறையில் என்னோடு உட்கார்ந்து டீ குடித்த ஒரே ஆள் அவர்தான். மற்றவர்களுக்கு நான் முனைவர் பட்டத்தை எங்கே வாங்கினேன் என்பதில் சந்தேகம் இருந்தது. யார் யார் அதைக் கிளப்பினார்கள் என்பது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. அது வேறு கணக்கு.

ஒரு ஐப்பசியில் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு பாபநாசத்துக்கு மேலே காட்டுக்குப் போனோம். வன அனுமதி இரண்டு நாளுக்கு. மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. கூட்டத்தில் பேசிய அதே துறைத்தலைவர் ஜீப்பிலேயே இருந்தார். ஒரு சரிவில் மாணவன் ஒருவன் எதையோ காலால் தள்ளிவிட்டு, "காளான் சார்" என்றான். பின்னால் வந்த அண்ணாச்சி, "லே, காலை எடு!" என்று போட்ட சத்தத்தில் அவன் வழுக்கி உட்கார்ந்துவிட்டான். அண்ணாச்சி குனிந்து பார்த்தார். இலை இல்லை. பச்சை என்பதே இல்லை. ஈர மண்ணிலிருந்து நேராகக் குழல் குழலாக வெளிறிய பூக்கள், விளிம்பில் மட்டும் ஊதா. "காளானா இது? உள்ள பாருங்க சார்வாள், மகரந்தம் இருக்கு. எஸ்டேட்டுல சின்னப்பிள்ளையில பாத்திருக்கேன். நாலஞ்சு வருசத்துக்கு ஒருக்கா வரும். நாங்க இதுக்குப் பேருகூட வைக்கல்ல."

வேர் ஒட்டுண்ணி. பக்கத்தில் நிற்கும் செடியின் வேரைப் பற்றிக்கொண்டு, மண்ணுக்குள்ளேயே உணவை எடுத்து, பூக்க மட்டும் வெளியே வருவது. வடக்கே இமயமலைக் காடுகளில் இதன் உறவு ஒன்று ரோடோடெண்ட்ரான் என்ற பூமரத்தின் வேரில் வளர்கிறது. அதைப் புத்தகத்தில் படித்திருந்தேன். எங்கள் மலையில் நாங்கள் கண்டதைப் பற்றி எந்தப் புத்தகத்திலும் எனக்கு ஒன்றும் கிடைத்திருக்கவில்லை. இந்த வகைச் செடியில் பூவை மட்டும் எடுத்து வந்தால் ஒரு பயனும் இல்லை. எந்தச் செடியின் வேரைப் பிடித்திருக்கிறது என்பதுதான் கேள்வி. வேரும் பூவும் சேரும் அந்தக் கணு கையில் இருந்தால்தான் அதற்குச் சாட்சி.

அண்ணாச்சி சோற்றுப் பாத்திரத்திலிருந்து ஒரு கரண்டியை எடுத்தார். முனை மழுங்கிய எவர்சில்வர் கரண்டி. அதை வைத்துக்கொண்டு மதியம் முழுவதும் தோண்டினார். மண்ணைத் தள்ளுவதும், விரலால் தடவுவதும், மழைத் தண்ணீரை ஊற்றிக் கழுவுவதுமாக இருந்தார். கெண்டைக்காலில் அட்டைகள் தொங்கின. "அண்ணாச்சி, அட்டை கடிக்குது" என்றேன். "அது அது பாட்டுக்கு குடிக்கட்டும். இப்ப கையை எடுத்தா கணு விட்டுப்போவும்" என்றார். கடைசியில் பூவும், பருத்த அடிப்பகுதியும், அதைத் தாங்கிய ஒரு முழ நீள வேரும், அந்த வேர் போய்ச் சேரும் செடியின் தண்டும் ஒன்றாக வந்தன. குறிஞ்சி இனத்துச் சிறு புதர் அது. "மூங்கில்னு சொல்லிராதிய. மூங்கில் பக்கத்துலதான் நிக்கி. பிடிச்சிருக்கது இதை" என்று சொல்லிவிட்டு, ஈரத்துணியில் சுற்றிக் குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு இறங்கினார்.

ஊர் திரும்பியதும் அதை ஒரு நீளமான தட்டில் சாராயக் கரைசலில் படுக்க வைத்தார். மறுநாள் அவர் ஊரில் அம்மன் கோவில் கொடைத் திருவிழா. மூன்று நாள் விடுப்பு. போகும்போது என்னிடம், "சார்வாள், நான் வாரவரைக்கும் யாரும் தொடாண்டாம். தலைவர்ட்டயும் சொல்லிருங்க" என்றார்.

இரண்டாம் நாள் துறைத்தலைவர் என்னைக் கூப்பிட்டார். கருத்தரங்கு ஒன்றுக்குப் படம் அனுப்ப வேண்டும், கண்ணாடி ஜாடியில் அழகாக வை என்றார். இருந்த ஜாடியின் வாய் குறுகல். வேர் வளைந்து நின்றது, மூடவில்லை. "அந்த நாரெல்லாம் எதுக்குய்யா? சுத்தம் பண்ணு" என்றார். வேலை உறுதியாகாத விரிவுரையாளனிடம் அவர் சொன்னது அது.

நான் பிளேடை எடுத்தேன்.

இதைத்தான் இத்தனை நாள் யாரும் எழுதவில்லை. நானும் எழுதவில்லை. கணுவுக்கு மேலே, ஒரே வெட்டு. வேரும் தண்டும் குப்பைக் கூடைக்குப் போயின. ஜாடி மூடியது. படம் அழகாக வந்தது.

கொடை முடிந்து, நெற்றியில் கோவிலில் பூசிய மஞ்சணையோடு அண்ணாச்சி வந்தார். ஜாடியைப் பார்த்தார். "வேரு எங்க சார்வாள்?" நான் கூடையைக் காட்டினேன். அது காலி. துப்புரவுப் பெண் காலையிலேயே அள்ளிப்போயிருந்தாள். அவர் பின்கட்டுக் குப்பைத் தொட்டிக்குப் போய், ஒரு குச்சியால் வெகுநேரம் கிளறிவிட்டு வந்தார். கையைக் கழுவிவிட்டுத் தாள் மாற்ற உட்கார்ந்தார். அன்று மட்டும் செய்தி படிக்கவில்லை.

துறைத்தலைவர் கட்டுரை எழுதினார். கண்டெடுத்தவர்கள் என்று அவர் பெயரும், இரண்டாவதாக என் பெயரும். ஜீப்பை விட்டு இறங்காதவர் பெயர் முதலில். பற்றியிருக்கும் செடி என்று அவர் எழுதியது மூங்கில். பக்கத்தில் நின்றது என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை. மாதிரியைக் கேட்டுப் பார்த்த வெளியூர் அறிஞர் ஒருவர், 'வேர் இணைப்பு காணப்படவில்லை, பதிவு ஐயத்துக்குரியது' என்று எழுதி அனுப்பிவிட்டார். துறைத்தலைவர் கொதித்தார். துறைக் கூட்டத்தில் எல்லோர் முன்னிலும், "அட்டெண்டர் வெட்டிட்டான். படிக்காதவன் கையில கொடுத்தா இப்படித்தான்" என்றார். நான் இரண்டு நாற்காலி தள்ளி இருந்தேன். மேஜை விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அண்ணாச்சிக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. நான் அவரிடம் போய், "நான் சொல்லிருதேன் அண்ணாச்சி" என்றேன். அவர் பசை கிண்டிக்கொண்டிருந்தார். மைதா மாவில் மயில்துத்தம் கலந்த பசை, பூச்சி அண்டாது. "எதைச் சொல்லுதிய? ஒமக்கு இன்னும் வேலை உறுதியாவல்ல. வீட்ல பிள்ளைத்தாச்சி. எனக்கு மெமோன்னா ஒரு தாளு. ஒமக்கு அப்படியா? சும்மா இரும்வே." முதல் தடவையாக என்னை அவர் சார்வாள் என்று கூப்பிடவில்லை. 'கவனக்குறைவால் நேர்ந்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நான் சும்மா இருந்தேன். வேலை உறுதியான பின்னும் சும்மா இருந்தேன். பதவி உயர்வு வந்தபோதும்தான். ஒவ்வொரு ஆண்டும் யார் யாரையோ திட்டினேன், இந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டு.

அந்தப் பூவை வேரோடு மறுபடி எடுத்துவிடலாம் என்று நானும் அண்ணாச்சியும் இரண்டு தடவை முயன்றோம். முதல் தடவை பூக்கவில்லை. இரண்டாம் தடவை போனபோது பெருமழையில் அந்தச் சரிவே கீழே இறங்கியிருந்தது. அண்ணாச்சி அந்தச் செம்மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அது எங்கயாவது கெடக்கும். நமக்குத்தான் தெரியல்ல" என்றார்.

பின்னொரு நாள், ஊதிய உயர்வு கேட்ட ஊழியர்களைத் துறைத்தலைவர், "எல்லாம் ஒட்டுண்ணிகள்" என்று ஏசினார். அண்ணாச்சி அப்போது அட்டை ஒட்டிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே, "அந்தப் பூவை ஏசாதிய சார். அது அடுத்தவன் வேருலதான் திங்கி. ஆனா நாந்தான் வெளைவிச்சேன்னு ஒரு எலைகூட வச்சுக்கிடல்லியே" என்றார். அவருக்கு அடுத்த மெமோ வந்தது அதற்காகத்தான். அதை அவர் சிரித்துக்கொண்டே வாங்கினார்.

இரங்கல் கூட்டத்துக்கு மறுநாள் நான் உலர்செடி அறைக்குப் போனேன். அங்கே ஒரு வழக்கம் உண்டு. செடியின் அட்டையில் விவரம் எழுதி ஒட்டிய பழைய சீட்டை எவரும் கிழிக்கக்கூடாது, திருத்தக்கூடாது. தவறாகவே இருந்தாலும் அது அப்படியே இருக்கும். திருத்த வேண்டியவர் பக்கத்தில் இன்னொரு சீட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டு ஒட்டலாம், அவ்வளவுதான். உலகம் முழுக்க இதுதான் வழக்கம். துறைத்தலைவர்கள் மாறலாம், சீட்டு மாறாது. ஜாடியில் மிஞ்சியதில் பாதியை உலர்த்தி அண்ணாச்சிதான் அட்டையில் ஒட்டியிருந்தார். பூ முழுக்கக் கறுத்துப்போயிருந்தது. சீட்டில் துறைத்தலைவர் பெயர், என் பெயர். நான் பசை கிண்டினேன், அவர் சொன்ன அளவில் மயில்துத்தம் போட்டு. இன்னொரு சீட்டில் இப்படி எழுதினேன்: 'கண்டெடுத்தவர்: பேச்சிமுத்து, ஆழ்வார்குறிச்சி. பற்றியிருந்த செடி: குறிஞ்சி இனம், அவர் தோண்டிக் காட்டியபடி, மூங்கில் அல்ல. வேரைத் துண்டித்தவன் நான்.' கீழே என் முழுப்பெயர்.

அட்டையைப் படமெடுத்து இசக்கியம்மாளுக்கு அனுப்பினேன். வெகுநேரம் கழித்து அழைத்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம். "அப்பாவுக்குத் தெரியுமா சார், நீங்கதான்னு?" என்றாள். தெரியும் என்றேன். "அப்பம் ஏன் நீங்க இவ்வளவு நாள்..." என்று தொடங்கி நிறுத்திவிட்டு, போனை வைத்துவிட்டாள். அந்தக் கேள்வியை முடிக்காமல் விட்டது அவள் மரியாதை. மறுவாரம் கல்லூரி வாசலில் காவலாளியிடம் ஒரு பொட்டலம் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். உள்ளே அந்த மழுங்கிய கரண்டி. சீட்டு எதுவும் இல்லை.

இப்போதைய தலைவர் என்னைக் கூப்பிட்டுப் பேசிப் பார்த்தார். முன்னாள் தலைவரான பெரியவர் மனம் வருந்துகிறார், ஓய்வுபெற்ற வயதில் எதற்கு, அந்தச் சீட்டை மட்டும் எடுத்துவிடலாமே என்றார். அண்ணாச்சி புது ஆட்களிடம் சொல்வதையே அவரிடம் சொன்னேன்: "ஒட்டுதது லேசு. பிரிச்சா அட்டையோட வரும்."

கரண்டி என் மேஜையில் இருக்கிறது. சீட்டு அவருடைய பூவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. சிரித்தவர்கள் வந்து படித்துவிட்டுப் போகலாம். அறை காலை பத்து மணிக்குத் திறக்கும்.