நாற்காலி மறியலும் கல்லீரல் வைரஸும்

போராட்டக்காரனுக்கு முதல் தகுதி தரையில் உட்காரத் தெரிவது. ரத்தம் உறையாத நம்மைப் போன்றவர்களுக்கு அதுதான் வராது. முழங்காலுக்குள் ரத்தம் கசிந்து கசிந்து மூட்டு இறுகிப்போனவர்கள் நாம். ஆனாலும் தலை நரைக்கும்வரை நான் செய்த தொழில் இதுதான்.

நாற்காலி மறியல்

ரத்தத்தை உறைய வைக்கும் ஊசி இலவசமாக வேண்டும் என்று தஞ்சாவூர் கலெக்டர் ஆபீஸ் வாசலில் மறியல் செய்தோம். வாடகை நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். அப்புறப்படுத்த வந்த இன்ஸ்பெக்டரிடம் எங்கள் நோட்டீஸில் அச்சடித்ததையே சொன்னேன்: அழுத்திப் பிடித்தால் உள்ளே ரத்தம் கசியும், லேசில் நிற்காது. நீட்டிய கையை இழுத்துக்கொண்டு போலீஸ்காரர்கள் பக்கம் திரும்பினார்.

"யாரும் அவங்களைத் தொடாதீங்கப்பா. நாற்காலியோட தூக்கி ஓரமா வைங்க."

கேட்காமல் கிடைத்தது

அந்த ஊசி கிடைக்கும்வரை ஊரார் ரத்தத்தில்தான் பிழைத்தோம். சரியாகச் சோதிக்காத அந்த ரத்தத்தோடு ஹெபடைடிஸ் சி வைரஸும் வந்து கல்லீரலில் குடியேறியது. அதற்கு இன்றுவரை யாரும் பொறுப்பேற்கவில்லை. அந்த வைரஸுக்கான பழைய ஊசி வைத்தியத்தின் காய்ச்சல் தாங்காமல், எங்களோடு மறியலில் உட்கார்ந்த வலங்கைமான் செல்வம் பாதியில் விட்டான். கல்லீரல் சுருங்கிப் போய்ச் சேர்ந்தான். அடுத்தது நான்தான் என்று நினைத்திருந்தேன்.

அந்த வைரஸை ஒழிக்கும் புது மாத்திரை வந்திருப்பது தெரிந்து, மனுவோடு அரசு ஆஸ்பத்திரி டாக்டரம்மாவிடம் போனேன். செல்வம் இருந்தபோது இது ஏன் வரவில்லை என்று ஆரம்பித்து, அரசாங்கத்தின் மெத்தனம்வரை பேசினேன். பொறுமையாகக் கேட்டார்.

"மூணு மாசம் சாப்பிடணும், இலவசம்தான். கோஷத்தை முடிச்சிட்டீங்கன்னா வாங்கிட்டுப் போகலாங்க ஐயா."

உண்ணாவிரத மேடை

மாத்திரை சாப்பிடும் நாட்களில், ரத்தத்தை உறைய வைக்கும் ஊசியின் தட்டுப்பாட்டைக் கண்டித்து ஒருநாள் உண்ணாவிரதம் இருந்தேன். ஒருவேளைகூட மாத்திரை தவறக்கூடாது என்பது டாக்டரம்மா உத்தரவு. நான் மறந்துவிட்டு வந்ததை என் மனைவி மல்லிகா பஸ் பிடித்துக் கொண்டுவந்து, மேடையேறி என் வாயில் போட்டுத் தண்ணீர் கொடுத்தாள். உண்ணாவிரதம் முறிந்துவிட்டதா என்று பத்திரிகைக்காரர் கேட்டார். அவருக்கு அவள் விளக்கம் சொன்னாள்.

"வெறும் மாத்திரைதாங்க. இட்லி காலையில வீட்லயே ஆயிடுச்சு."

பல் பிடுங்கப் போன இடம்

மாத்திரை முடித்து மூன்று மாதம் கழித்துச் சோதித்தார்கள். வைரஸ் இல்லை என்று முடிவு வந்தது. அந்தத் தெம்பில், ரத்தம் உறையும் ஊசியைப் போட்டுக்கொண்டு, பேராவூரணியில் ஒரு பல் டாக்டரிடம் போனேன். அவர் தன் பங்குக்கு ரத்தத்தைச் சோதித்து, ஹெபடைடிஸ் சி இருக்கிறது, பிடுங்க முடியாது என்றார். வழக்கம்போல அவர் நாற்காலியை விட்டு எழ மறுத்தேன். ஆனால் கோஷம் வரவில்லை. செல்வத்தின் முகம்தான் வந்தது. டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். பல் டாக்டர் பார்த்தது வைரஸை அல்ல, அதை எதிர்க்க உடம்பு உண்டாக்கிய பொருளை என்றார். அது குணமானவர்களுக்கும் இருக்குமாம். பிறகு பல் டாக்டரிடமும் போனைக் கொடுக்கச் சொல்லி அதையே விளக்கிவிட்டு, வைக்கும் முன் என்னிடம் சொன்னார்.

"எதிரி எப்பவோ போயாச்சுங்க ஐயா. எதிர்த்து நின்ன கூட்டம்தான் உங்களை மாதிரியே எழுந்திருக்க மாட்டேங்குது."

வாழ்நாளெல்லாம் நான் கூட்டிய கூட்டங்களில், டீ குடித்ததும் கலையாதது என் ரத்தத்தில் நிற்கும் இந்த ஒன்றுதான்.