மூன்று ரப்பர் பேண்டும் ஐந்தாவது சுற்றும்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஒரு மார்கழி மாத ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தது இது. மதுரையை விட்டு மேற்கே போனால் ஒரு பொழுதுபோக்குப் பூங்கா இருக்கிறது. ராட்சத ராட்டினம், தண்ணீர்ச் சறுக்கு, சிமெண்ட் டைனோசர் எல்லாம் உண்டு. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய், ஓரமாக உட்கார்ந்து ஐஸ்கிரீம் தின்பதைத் தவிர அங்கே எனக்கு வேறு வேலை இருந்ததில்லை. அன்றைக்கு அங்கே இருபத்தோரு கிலோமீட்டர் ஓடுவதற்காகப் போயிருந்தேன்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தல்லாகுளத்தில் கோர்ட்டுக்குப் போகிற வழியில் ஒரு சின்ன டிபன் கடை வைத்திருக்கிறேன். என் மனைவி தோசைக்கல்லில் நிற்பாள், நான் பார்சலில் நிற்பேன். சாம்பாரையும் சட்னியையும் கவரில் ஊற்றி, வாயைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போடுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது என்று நானே சொல்லிக்கொள்வேன். கடையில் நிற்கும்போது இடது மணிக்கட்டில் எப்போதும் ஒரு கொத்து ரப்பர் பேண்ட் கிடக்கும். வாய் வாடிக்கையாளரிடம் பேசிக்கொண்டிருக்கும், கை அது பாட்டுக்குக் கட்டிக்கொண்டிருக்கும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நான் எதையும் முழுசாக முடித்தவன் இல்லை. டைப்ரைட்டிங்கில் லோயர் பாஸ் செய்தேன், ஹையர் எழுதவே இல்லை. கார் ஓட்டக் கற்றுக்கொள்ள எல்.எல்.ஆர். வாங்கி, அது காலாவதியாகி, மறுபடி வாங்கி, அதுவும் காலாவதியானது. மொட்டை மாடியில் ஓர் அறை கட்ட ஆரம்பித்தேன். நாலடிச் சுவர் எழும்பியதோடு சரி, இப்போது அதன்மேல் போர்வை காயப்போடுகிறோம்.

சர்க்கரை எட்டிப் பார்க்கிறது, நடங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்த சமயம் அது. கடைக்குப் பொங்கல் சாப்பிட வரும் ஓட்டக்காரர் ஒருவர் மேஜையில் ஒரு நோட்டீஸை விட்டுவிட்டுப் போனார். மனைவி அதை எடுத்துப் படித்துவிட்டுச் சிரித்தாள்.

"இங்க பாருங்க, அரை மாரத்தானாம். ஒங்களுக்குன்னே அளந்து வச்சிருக்காங்க. அதையும் பாதியிலதான் விடுவீக."

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. முன்கோபக்காரன் நான். அன்று சாயங்காலமே பெயரைக் கொடுத்துவிட்டு வந்து நின்றேன். அவளும் சளைக்கவில்லை. "முடிச்சிருங்க, அன்னைக்கு வர்ற அம்புட்டுப் பேருக்கும் கேசரி போடுவோம். ஆனா ஒண்ணு, முடிச்சா நீங்களே எனக்கு போன் பண்ணனும். பாதியில நின்னா பண்ண வேணாம், நானே தெரிஞ்சுக்கிறேன்" என்றாள்.

நாலு மாதம் பழகினேன். காலை டிபன் முடிந்து ராத்திரி டிபனுக்கு மாவு எடுப்பதற்குள் இருக்கும் இடைவெளியில், நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் பல்கலைக்கழகத்தை ஒட்டிய சாலையில் ஓடுவேன். துணைக்கு என் நண்பன் ஸ்கூட்டரில் கூடவே வருவான். கோர்ட்டில் குமாஸ்தா. அவன் ஓடமாட்டான். தண்ணீர் பாட்டிலை நீட்டுவதும், "மாப்ள, வயசுக்கேத்த வேலையப் பாருடா" என்பதும்தான் அவன் வேலை. முதல் வாரம் மூன்று கிலோமீட்டருக்கே நாக்குத் தள்ளிவிட்டது. நாலாவது மாதம் பதினாறு ஓடிவிட்டேன். எனக்கே நம்ப முடியவில்லை.

போட்டியன்று ஆறு மணிக்குக் கிளம்பினோம். பூங்காவுக்குள் ஆரம்பித்து, டைனோசரைச் சுற்றி, பின்பக்க கேட் வழியாக வெளியேறி, தென்னந்தோப்புக்கும் வயலுக்கும் நடுவே போகும் சாலையில் ஓடித் திரும்ப வேண்டும். இப்படி நாலு சுற்று. சுற்றின் பாதி வழியில் ஒரு மேஜை போட்டிருந்தார்கள். அதைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் கையில் ஒரு சிவப்பு ரப்பர் பேண்ட் மாட்டிவிடுவார்கள். கடைசியில் நாலு ரப்பர் பேண்டைக் காட்டினால்தான் மெடல். ஒன்பதரைக்கு எல்லாவற்றையும் எடுத்துவிடுவோம், பத்து மணிக்குப் பூங்காவுக்கு ஆட்கள் வந்துவிடுவார்கள் என்று மைக்கில் சொன்னார்கள். ரப்பர் பேண்ட் என்றதும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இங்கேயும் நீதானா என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் சுற்று குளிரில் சுகமாகப் போனது. இரண்டாவது சுற்றில் வெயில் எழும்பியது, காற்றும் எழும்பியது. அந்த மேஜையைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஒரு தண்ணீர்ப் பந்தல். அங்கே நின்றிருந்த பெண் குளுக்கோஸ் பொடிக் கவரைப் பிரித்து வைத்திருக்க, காற்றில் பொடி பறந்து அவர் முகம், துப்பட்டா எல்லாம் வெள்ளை. தும்மிக்கொண்டே கவரைப் பிடிக்கப் பார்த்தார். நான் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துக்கொண்டே, மழை வருமா வராதா என்று என்னவோ பேசிக்கொண்டே, கவரை வாங்கி மூடிக் கொடுத்துவிட்டு ஓடினேன். மொத்தம் பத்து விநாடி இருக்கும்.

மூன்றாவது சுற்றில்தான் உண்மையான கஷ்டம் தொடங்கியது. இடது கால் ஆடுசதை இழுத்துப் பிடித்தது. உள்ளே தண்ணீர்ச் சறுக்கைக் கழுவிக்கொண்டிருந்தவர்கள் என்னைப் பார்த்த பார்வையில் பரிதாபம் இருந்தது. எத்தனை முறை டைனோசரைப் பார்த்தேன், எத்தனை முறை தென்னந்தோப்பைத் தாண்டினேன் என்பதெல்லாம் ஒன்றோடொன்று குழம்பிவிட்டது. "போடா, போடா, நிக்காத" என்று என்னை நானே வாய்விட்டுத் திட்டிக்கொண்டே ஓடினேன்.

எட்டே முக்காலுக்கு, முடிக்கிற இடத்தில் நிறுத்தியிருந்த காற்றடித்த பெரிய வளைவு கண்ணில் பட்டது. முடித்தேவிட்டேன்! நண்பன் தூரத்திலேயே என்னைப் பார்த்துவிட்டு, ஒரு கையில் இட்லிப் பொட்டலமும் இன்னொரு கையில் போனுமாகக் குதித்துக்கொண்டிருந்தான்.

பட்டியலை வைத்துக்கொண்டு நின்ற இளைஞர் என் கையைத் திருப்பிப் பார்த்தார். "அண்ணே, மூணுதான் இருக்கு."

குனிந்து பார்த்தேன். மூன்றுதான் இருந்தது. 

"அதெப்படி? நாலு ரவுண்டு ஓடியிருக்கேன். ஒங்க ஆளு மாட்டியிருக்க மாட்டாரு" என்று கத்தினேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கோபப்படவில்லை. "நெறையப் பேருக்குக் கணக்கு மாறுதுண்ணே. அதுக்குத்தான் இதையே வச்சிருக்கோம். இன்னும் நேரம் இருக்கு, முடிஞ்சா இன்னொரு ரவுண்டு போயிட்டு வாங்க" என்றார். அவ்வளவு பணிவாகச் சொன்னதால் சண்டை போடவும் வழியில்லாமல் போனது.

நண்பனின் முகம் வெளிறிவிட்டது. "மாப்ள, தங்கச்சிக்கு போன் பண்ணி நீ முடிச்சிட்டேன்னு இப்பத்தாண்டா சொன்னேன்!"

எனக்குத் தலை சுற்றியது. ஓரமாக உட்காரவைத்தான். அவன் கண் தன் கையிலிருந்த இட்லிப் பொட்டலத்துக்குப் போனது. அதைச் சுற்றியிருந்தது எங்கள் கடை ரப்பர் பேண்ட். அச்சு அசல் அதே சிவப்பு. உருவி என் கையில் வைத்தான். "இதப் போட்டுக்கிட்டு வேற ஆளுகிட்டப் போய்க் காட்டு. நீ ஓடினது நெசந்தான? இதுல என்ன தப்பு?"

போட்டுக்கொள்ளவும் செய்தேன். மறைக்க மாட்டேன். எழுந்து நாலடி நடந்தேன். அப்போதுதான் அந்தச் சந்தேகம் வந்தது. நான் ஓடியது நிஜமாகவே நாலுதானா? மூன்றாவது சுற்றில் அவ்வளவு குழம்பியிருந்தேனே. வேறு யாராவது என்றால் தன் கணக்கை நம்பலாம். என்னை எனக்குத் தெரியாதா? முக்கால்வாசியில் நின்றுவிட்டு, முடித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளக்கூடிய ஆள்தானே நான்? அந்த நிமிஷத்தில் பட்ட அவமானத்தை இன்றைக்கும் என்னால் சொல்லி முடிக்க முடியாது. மெடல் கிடைக்கும், போட்டோவும் கிடைக்கும், ஆனால் மனைவியிடம் போனில் அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல வாய் வராது.

ரப்பர் பேண்டைக் கழற்றி நண்பன் கையிலேயே கொடுத்தேன். பட்டியல்காரரிடம் போய், "ஓடிட்டு வாரேன் தம்பி" என்றேன்.

"கிறுக்காடா ஒனக்கு? காலைப் பாரு, எப்படி இழுக்குதுன்னு" என்று நண்பன் பின்னாலேயே கத்தினான். நான் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் உட்கார்ந்திருப்பேன்.

அந்தச் சுற்றை ஓட்டம் என்று சொல்வது ஓட்டத்துக்கே அவமரியாதை. நூறு அடி ஓடுவேன், ஐம்பது அடி நொண்டுவேன். சாலையில் வேறு யாரும் இல்லை. வெயில் மண்டையில் இறங்கியது. அடுத்த தென்னை மரம் வரைக்கும், அடுத்த கரண்ட் கம்பம் வரைக்கும் என்று எனக்கு நானே கெடு வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு கம்பத்திலும் "நின்றால் என்ன?" என்று ஒரு குரல் கேட்கும். நாற்பத்தாறு வருடமாக நான் கேட்டுப் பழகிய குரல்தான் அது. ஒருவழியாக அந்த மேஜைக்கு வந்தேன். மூட்டை கட்டிக்கொண்டிருந்தவர்கள் பெட்டியைத் திறந்து, நாலாவது ரப்பர் பேண்டை மாட்டிவிட்டார்கள்.

தண்ணீர்ப் பந்தலில் அந்தப் பெண் மட்டும் இருந்தார். டம்ளரை நீட்டினார். வாங்கும்போது மேஜையைப் பார்த்தேன். அந்தக் குளுக்கோஸ் கவர் அங்கே இருந்தது. வாயைச் சுருட்டி, ஒரு பக்கம் மடக்கி, இரண்டு சுற்று, இழுத்தால் உடனே வருகிற மாதிரி ஒரு சின்னக் காது விட்டு, ஒரு சிவப்பு ரப்பர் பேண்ட். அந்தக் காது விடுகிற பழக்கம் மதுரையில் வேறு யாருக்கும் இருக்கிறதோ இல்லையோ, எனக்கு இருக்கிறது. என் கட்டு அது! கடையில் நிற்பதாக நினைத்து, என் கை மணிக்கட்டிலிருந்து உருவிக் கட்டியிருக்கிறது. வாய் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்ததால் எனக்கே தெரியவில்லை.

"நீங்கதாண்ணே ரெண்டாவது ரவுண்டுல கட்டிக் குடுத்தீக. அப்புறம் ஒரு பொட்டுக்கூடச் சிந்தல" என்றார்.

நான் அழுதேனா சிரித்தேனா என்று தெரியவில்லை. அப்படியென்றால் நாலு சுற்றும் நான் ஓடியிருக்கிறேன். என் கணக்குச் சரி. விஷயத்தைச் சொன்னதும் அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அடக் கடவுளே! எனக்காகவாண்ணே?" என்று உடனே போனை எடுத்து, பட்டியல்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னார். போனை வைத்துவிட்டு, "சரியாப்போச்சுண்ணே. எட்டே முக்காலுக்கே முடிச்சதா எழுதிட்டாங்களாம். பைக் இருக்கு, ஏறுங்க. அஞ்சு நிமிஷத்துல கொண்டு விட்ருவாங்க. அந்த வளைவுல நின்னு போட்டோ எடுத்துக்கலாம்" என்றார்.

பைக் நின்றுகொண்டிருந்தது. ஏறியிருந்தால் யாரும் தப்புச் சொல்ல முடியாது, நானே சொல்லியிருக்க மாட்டேன். ஆனால் பந்தல் இருந்த இடம் சுற்றின் பாதி. பாதியில் நின்று திரும்புவது எனக்குப் புதிதா என்ன? அன்றைக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. "இல்லம்மா, ஓடிட்டு வாரேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்" என்றேன். அவர் ஒரு டம்ளர் தண்ணீரை என் தலையில் ஊற்றி அனுப்பிவைத்தார்.

நான் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பதே முக்காலுக்குப் பக்கம். காற்றைப் பிடுங்கிவிட்டதால் அந்த வளைவு தரையில் துவண்டு கிடந்தது. அதை மிதிக்காமல் தாண்டிப் போனேன். டிக்கெட் வரிசையில் நின்ற பிள்ளைகள், நான் என்னவோ வேடிக்கை காட்டுகிறேன் என்று நினைத்துக் கைதட்டினார்கள். பட்டியல்காரர் அட்டைப்பெட்டியிலிருந்து ஒரு மெடலை எடுத்து என் கழுத்தில் போட்டுவிட்டு, "மன்னிச்சிருங்கண்ணே" என்றார். நான் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அவர் மேல் என்ன தப்பு?

நண்பன் போனை வெடிகுண்டு மாதிரி தூரமாகப் பிடித்துக்கொண்டு வந்தான். "தங்கச்சி ஏழு தடவை அடிச்சிருச்சு மாப்ள. பயத்துல எடுக்கவே இல்ல. நீயே பேசு."

போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள். பின்னால் தோசைக்கல் சத்தம் கேட்டது. "எங்க இருக்கீக? அண்ணே அப்பவே முடிச்சாச்சுன்னு சொன்னாரு. நீங்க பேசல. நான் நம்பல. பாதியில நின்னுட்டீக, சொல்ல வாய் வரலன்னு நெனச்சேன். கேசரியக் கிண்டி மூடியே வச்சிருக்கேன், ஒருத்தருக்கும் குடுக்கல."

"முடிச்சிட்டேன்" என்றேன்.

அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. இருபத்தாறு கிலோமீட்டர் என்றோ, ரப்பர் பேண்ட் என்றோ எதுவும் வரவில்லை. அந்தப் பக்கம் சத்தமே இல்லை. தோசை தீய்கிறது என்று யாரோ சொல்வது கேட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சரி, சரி, சீக்கிரம் வாங்க. நீங்க வந்து ஒங்க கையால குடுங்க" என்றாள்.

மொட்டை மாடி அறை என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள். கூரை போட்டாகிவிட்டது, ஜன்னல் பாக்கி. அதையும் பார்த்துவிடுவேன். கார் லைசென்ஸ் வந்துவிட்டது. ஏதாவது ஒரு வேலையில் "போதும், விட்டுவிடலாம்" என்று அந்தப் பழைய குரல் கேட்கும்போதெல்லாம், நான் முடிச்சிட்டேன் என்று சொன்ன பிறகு தோசை தீய்வதுகூடத் தெரியாமல் என் மனைவி பேச்சற்று நின்ற அந்தக் கொஞ்ச நேரம்தான் இன்றைக்கும் என்னை அடுத்த கம்பம் வரைக்கும் கொண்டுபோகிறது.