வாய் வைத்துக் குடித்த செம்பு

புதுக்கோட்டையில் நான் கல்லூரியில் சேர்ந்த புதிதில், கால்பந்துத் திடலில் எனக்குத் தண்ணீரை மேலேயிருந்துதான் ஊற்றினார்கள். மணமேல்குடிக் கடற்கரையில் மீன்பிடிக்கிற வீட்டுப் பையன் நான். யாராவது செம்பைச் சாய்ப்பார்கள். நான் குனிந்து இரண்டு கையையும் ஏந்திக் குடிப்பேன். ஒருவரும் கேவலமாகப் பேசியதில்லை. அதனால் கோபித்துக்கொள்ளவும் வழியில்லாமல் போயிற்று.

அடுத்த வருஷம் கேப்டனாக வந்தவன் திருமயம் பக்கத்துப் பெரிய வியாபாரக் குடும்பத்துப் பையன். முதல் நாள் பயிற்சி முடிந்ததும் செம்பில் வாய் வைத்து ஒரு மடக்குக் குடித்துவிட்டு என்னிடம் நீட்டினான்.

"நீயும் வாய் வச்சுக் குடி. அப்புறம் அடுத்தவன்கிட்டக் குடு."

குடித்தேன். அடுத்தவன் செம்பைக் கையில் வாங்கிக்கொண்டு யோசித்தான்.

"பந்தை மட்டும் அவன்கிட்ட வாங்கிக்கிறேல்ல?" என்றான் கேப்டன். யோசித்தவனும் வாய் வைத்துக் குடித்தான்.

அன்றிலிருந்து எங்கள் பதினொரு பேருக்கும் அதுதான் வழக்கம். வீட்டில் அண்ணாந்தே குடித்துப் பழகியவர்கள் திடலில் ஒருவர் எச்சிலை ஒருவர் குடித்தோம். அந்தச் செம்புக்காகத்தான் நான் ஓடினேன். பந்து சும்மா ஒரு சாக்கு.

ஐம்பத்தேழாம் வருஷம் ஊரெல்லாம் ஃப்ளூ காய்ச்சல் வந்தது. திருச்சி அணி ஒன்றோடு எங்களுக்கு முதல் ஆட்டம் இருந்தது. அதற்கு முந்தின வாரம் ஊருக்குப் போனேன். வீட்டில் தங்கச்சி காய்ச்சலில் கிடந்தாள். திரும்பும்போது, அறந்தாங்கியில் பஸ் மாறும்போதே எனக்கு முதுகு கழன்றுவிடும் போல வலித்தது. காய்ச்சல் கண்டவர்களை உடனே வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும் என்று விடுதி வார்டனுக்கு உத்தரவு. என் லெஃப்ட் பேக் இடத்துக்கு வேறொருவன் காத்திருந்தான். எனக்கும் காய்ச்சல் என்பதை மறைத்துவிட்டேன்.

"என்னடா, கண்ணு செவந்திருக்கு?" என்றான் கேப்டன்.

"வெயிலு."

கழுத்தில் கை வைத்துப் பார்க்க வந்தான். நகர்ந்துகொண்டேன். பயிற்சி முடிந்ததும் செம்பு வந்தது. வேண்டாமென்றால் சந்தேகப்படுவான். அது மட்டும் காரணமில்லை. அந்தச் செம்பை வேண்டாமென்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. குடித்துவிட்டு அடுத்தவனிடம் கொடுத்தேன்.

நாலு நாளில் எட்டுப் பேர் படுத்துவிட்டார்கள். ஆட்டம் ரத்து, விடுதி காலி. எங்கள் வீட்டில் எல்லாரும் படுத்திருக்கிறார்கள், வர வேண்டாம் என்று கடிதாசி வந்ததால் நானும் சமையல்காரரும் மட்டும் தங்கினோம். எனக்குக் காய்ச்சல் இரண்டே நாளில் விட்டுவிட்டது. அந்த அநியாயத்தை யாரிடம் சொல்வது?

சாயங்காலம் திடலுக்குப் போய்த் தனியாகப் பந்தை உதைப்பேன். உதைத்தால் நானேதான் போய் எடுத்து வர வேண்டும். கோல் கம்பத்தில் யாரோ ஆட்டைக் கட்டியிருந்தார்கள். அந்த ஆடு இருந்ததே அப்போது எனக்குப் பெரிய துணையாக இருந்தது.

கேப்டனுக்கு நெஞ்சில் சளி கட்டிவிட்டது என்று கேள்விப்பட்ட அன்று சோறு இறங்கவில்லை.

"ஊரெல்லாந்தான் காச்சல். நீங்க என்ன பண்ணுவீங்க, சாப்பிடுங்க," என்றார் சமையல்காரர்.

அவரிடமாவது சொல்லியிருக்கலாம். இலையை மூடிவிட்டு எழுந்தேன். அவன் செத்துப்போனால் என்ன செய்வது என்று ஒவ்வொரு நாளும் பயந்தேன்.

அவன் சாகவில்லை. ஒரு மாதம் கழித்து எல்லாரும் திரும்பி வந்தார்கள். கேப்டனுக்குச் சட்டை தொளதொளவென்று இருந்தது. பயிற்சி முடிந்து செம்பு வந்ததும் அண்ணாந்து குடித்தான்.

"டாக்டர் சொல்லிருக்காரு. இனிமே யாரும் எச்சி பண்ணாதீங்க," என்றான்.

நியாயம்தான். வரிசையாக எல்லாரும் அண்ணாந்து குடித்தார்கள். சின்ன வயசுப் பழக்கம். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. எனக்கு முன்னால் நின்றவனும் குடித்து முடித்தான். செம்பை என் கையில் கொடுக்கவில்லை. கொஞ்சம் உயர்த்திச் சாய்த்துப் பிடித்தான். வேண்டுமென்று செய்ததாகத் தெரியவில்லை, கை தானாகப் போயிருக்கும்.

கேப்டனைப் பார்த்தேன். அவன் கீழே உட்கார்ந்து கணுக்கால் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தால் நிமிர்ந்திருப்பான். நிமிர்ந்திருந்தால் செம்பைப் பிடுங்கி என் கையில் கொடுத்திருப்பான். எந்த முகத்தோடு நான் அவனைக் கூப்பிடுவது?

குனிந்து, இரண்டு கையையும் ஏந்தினேன்.