கிழக்கு ரெடி, மேற்கு ரெடி

பல்கலைக்கழகத்தின் புவி இயற்பியல் ஆய்வகத்தில் சேர்ந்த முதல் நாளே என்னை ஃபீல்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கும்மிடிப்பூண்டிப் பக்கம், அறுப்பு முடிந்த ஒரு வயல். அங்கே கையில் சுத்தியலோடு நின்றிருந்தான் பெரியபாளையத்துத் தாமோதரன். என்னைப்போல அவனும் ஃபீல்டு அசிஸ்டெண்ட், இரண்டு வருடம் சீனியர்.

“இன்னா நைனா, பூமிக்கு ஊசி போட வந்துக்கிறியா?” என்றான்.

வேலை ஏறக்குறைய அதுதான். நடுவில் மெஷின். இரண்டு பக்கமும் ஆளுக்கொரு கம்பியை மண்ணில் அடித்து இறக்கி, மெஷினிலிருந்து வரும் கேபிளை மாட்டி, ஈரத்துக்காக உப்புத்தண்ணீர் ஊற்றுவோம். மெஷினில் இருப்பவர் “கரண்ட்!” என்று கத்துவார். கம்பியிலிருந்து கையை எடுத்துவிட்டு நான் “கிழக்கு ரெடி” என்பேன், தாமு “மேற்கு ரெடி” என்பான். இரண்டு குரலும் வந்தால்தான் பட்டனை அழுத்தலாம். நானூறு வோல்ட் வரை பாயும். மண் கரண்டை எவ்வளவு தடுக்கிறது என்று பார்த்து, அடியில் இருப்பது நல்ல தண்ணீரா, கடல் உப்பா என்று கணக்குப் போடுவார்கள். பிறகு கம்பியைப் பிடுங்கிக்கொண்டு இன்னும் தள்ளிப் போய் அடிப்போம்.

ஆக, இருபது வருடம் நாங்கள் சேர்ந்து செய்த வேலை, ஒருவரை விட்டு ஒருவர் விலகி நடப்பதுதான். கேபிள் தீர்ந்ததும் திரும்பி வந்து ஒன்றாகச் சாப்பிடுவோம். அவனுடைய கருவாட்டுக் குழம்பை நம்பி நான் வெறும் சோறுதான் கொண்டுபோவேன்.

கடைசி வருடங்களில் தாமுவுக்குக் காது மந்தமாகிவிட்டது. எனக்கு மட்டும்தான் தெரியும்.

“வெளிய சொல்லிடாதடா. ஃபீல்டவுட்டு தூக்கி ஸ்டோர்ல குந்த வச்சிடுவாங்க. நாலு செவுத்துக்குள்ள நான் செத்துருவேன்,” என்றான்.

ஒரு வழி கண்டுபிடித்தேன். “கரண்ட்” என்றதும் நான் ஒரு சிவப்புத் துண்டைத் தூக்கிக் காட்டுவேன். அதைப் பார்த்து அவன் கையை எடுத்துவிட்டுக் குரல் கொடுப்பான். ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட.

அன்று தேர்வாய் கண்டிகையில் வேலை. மெஷினில் மலர்விழி, முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்த பெண். கம்பெனி லாரிகள் கிளப்பிய புழுதியில் தாமு இருந்த பக்கமே தெரியவில்லை. “கரண்ட்!” என்றாள். நான் பதில் சொல்லித் துண்டையும் தூக்கினேன். மேற்கிலிருந்து சத்தம் இல்லை. இன்னொரு தரம் கத்திப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“தாமு அண்ணாவுக்குக் காது கேக்குதா இல்லையா?”

இந்தக் கேள்விக்குத்தான் இத்தனை நாள் பயந்துகொண்டிருந்தேன். யோசிக்காமல் கத்தினேன்: “அவன் ரெடிதாம்மா, நீ போடு!”

புழுதி அடங்கியபோது தாமு மல்லாந்து கிடந்தான். உப்புத்தண்ணீரில் நனைந்த கையோடு கம்பியைப் பிடித்திருந்திருக்கிறான். பிழைத்தது பவானியம்மன் புண்ணியம்.

புரொஃபசர் விசாரித்தார். “யாருய்யா ரெடி சொன்னது?” மலர்விழி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அதற்குள் கட்டுப் போட்ட கையோடு தாமு முந்திக்கொண்டான்.

“நான்தான் சார் சொன்னேன். கைய எடுக்க மறந்துட்டேன். அந்தப் பொண்ண ஒண்ணும் சொல்லாதீங்க.”

நான் துண்டு காட்டாமல் விடமாட்டேன் என்று அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை. மலர்விழிதான் எங்களைக் கேட்காமலே அழுத்திவிட்டாள் என்று நினைத்து, அவளைக் காப்பாற்றப் பார்த்தான். புரொஃபசர் அவன் முதுகுப் பக்கம் போய் நின்று “தாமோதரன்” என்று கூப்பிட்டார். அவன் திரும்பவில்லை.

ஸ்டோரில் மண் சாம்பிள் பைகளுக்கு லேபிள் ஒட்டியே ரிட்டையர் ஆனான். ஃபீல்டுக்கு வாக்கி டாக்கி வந்தது. என் இடுப்பிலிருந்து யாரோ ஒருவன் “மேற்கு ரெடி” என்பான். அந்த நேரத்தில் எல்லாம் வயலைத் தாண்டி வரும் தாமுவின் கட்டைக் குரலுக்கு மனம் ஏங்கும். ரிட்டையர் ஆகியும் அந்த ஏக்கம் விடவில்லை.

போன மாதம் அவன் வீட்டுக்குப் போனேன். இப்போது சுத்தமாகக் கேட்காது.

“மலரு எப்டிகீது? அது அன்னிக்குப் பண்ணத நான் மன்சுல வச்சிக்கலன்னு சொல்லு,” என்றான்.

“நான்தான்டா சொன்னேன்,” என்று இரண்டு தரம் கத்தினேன். “இன்னா?” என்று சிரித்துக்கொண்டே, உள்ளே பார்த்து எனக்கு டீ போடச் சொன்னான்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: ஒருவன் ரெடியா என்பதை அவன் வாய்தான் சொல்ல வேண்டும். எவ்வளவு சிநேகிதனாக இருந்தாலும் அவனுக்காக நீங்கள் சொல்லாதீர்கள்.

தாமு, உனக்குக் காதுதான் கேட்காது, படிக்க வரும். மலர் கேட்டாள், இரண்டு தரம் கேட்டாள். நீ ரெடி என்று சொன்னவன் நான்.